அந்தச் சக்கரத்தை யார் மாட்டியது?

செல் சவ்வைப் பற்றிய பாடப்புத்தகப் படங்கள்மீது எனக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. இரண்டடுக்குக் கொழுப்பு வரைந்திருப்பார்கள். அதற்குள் அங்கங்கே பச்சை, நீலம், ஆரஞ்சு என்று புரதங்கள் பதிந்திருக்கும். இது புரோட்டானை விடும், இது சர்க்கரையை உள்ளே இழுக்கும், இது மருந்தை வெளியே தள்ளும் என்று அம்புக்குறி போட்டு விளக்கியிருப்பார்கள். இவ்வளவும் சொல்கிறவர்கள், அந்தப் புரதம் அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள். நான் மதுரையில் முதுகலை படித்தபோது எங்கள் பேராசிரியர் அந்தக் கேள்வியை ஒரே வரியில் தாண்டிப் போனார்: பெரிய புரதங்களுக்கு வழி அமைத்துக் கொடுக்க ஆள் உண்டு, சின்னப் புரதங்கள் தாமாகவே சவ்வுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நாங்களும் நோட்டில் எழுதிக்கொண்டோம். தேர்வில் அதற்கு இரண்டு மதிப்பெண்.

அந்த வரியைத் திரும்ப எடுத்துப் பார்க்க வைத்தவர் ஒரு ஃபிட்டர். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே வெருலத்தில், அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அவுட்பில்டிங்கில் நான் குடியிருக்கிறேன். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அங்கிள். எனக்கு மட்டும் தாத்தா, ஏனென்றால் அப்படிக் கூப்பிட்டால்தான் தமிழில் பதில் வரும். பேரப்பிள்ளைகளிடம் ஆங்கிலம்தான். இவருக்கு வாய்த்த தமிழ் இவருடைய ஆயா கரும்புத் தோட்டத்தில் பேசிய தமிழ். ஸ்பேனர், பேரிங், கியர்பாக்ஸ் எல்லாம் அதில் தமிழ்ச் சொற்களாகவே புழங்கும்.

அவருக்குக் காசநோய் வந்தது, அதுவும் வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத வகை. குவாசுலு-நட்டாலில் இது அபூர்வமான செய்தி இல்லை. 2005-06இல் துகேலா ஃபெரியில் கிட்டத்தட்ட எந்த மருந்துக்கும் மசியாத காசநோய் 53 பேரிடம் கண்டறியப்பட்டு, அதில் 52 பேர் இறந்துபோனது இந்த மாகாணத்தில்தான். தாத்தாவின் தம்பிக்கும் பல வருடங்களுக்கு முன்பு இதே நோய் வந்து குணமானது. ஆனால் அன்றைக்குக் கொடுத்த கானமைசின் ஊசி காதைக் கொண்டுபோய்விட்டது. வீட்டு விசேஷங்களில் அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, உதடு தெரிகிற மாதிரி பேச வேண்டும். அதனால் தாத்தாவுக்கு நோயைவிட ஊசி மேல்தான் பயம். நல்லவேளையாக, 2018 ஜூனில் தென்னாப்பிரிக்கா அந்த ஊசிகளைக் கைவிட்டுப் பெடாகுவிலின் மாத்திரைக்கு மாறியிருந்தது. முதல் இரண்டு வாரம் தினமும் 400 மில்லிகிராம், அப்புறம் வாரத்துக்கு மூன்று நாள் 200. சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். கூடவே குளோஃபாசிமின், அது தோலைக் கறுக்க வைக்கும். “கல்யாணத்துக்கு முன்னாடி இந்தக் கலரு வந்திருந்தா உங்க ஆயா என்னைக் கட்டியிருக்க மாட்டா” என்று கண்ணாடி முன் நின்று சொல்வார்.

நான் டர்பனில் ஓர் ஆய்வகத்தில் பாக்டீரியா வேலை செய்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். ஒரு ஞாயிறு மதியம் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, “இது கிருமிக்குள்ள எங்க போய் அடிக்குது தம்பி?” என்று கேட்டார். கோயில் காலண்டரில் முடிந்துபோன மாதத்தைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன். கிருமியின் சவ்வுக்குள் ஒரு சக்கரம் இருக்கிறது. சி என்ற சின்னப் புரதம் வட்டமாக அடுக்கி நின்று அந்தச் சக்கரம் ஆகிறது. காசநோய்க் கிருமியின் குடும்பத்தில் ஒன்பது சி, ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் பத்து. வெளியிலிருந்து புரோட்டான்கள் ஒவ்வொன்றாக வந்து ஏற ஏறச் சக்கரம் சுற்றும். ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏடிபி. கிருமியின் எரிபொருள் அதுதான். பெடாகுவிலின் அந்தச் சக்கரத்தில், புரோட்டான் வந்து உட்காரும் 61ஆம் இடத்துக் குளுடாமிக் அமிலத்தை ஒட்டிப் போய் அடைத்துக்கொள்ளும். சக்கரம் நின்றுவிடும்.

தாத்தா படத்தை வெகுநேரம் பார்த்தார். மருந்தைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் சக்கரத்தின் மேல் விரலை வைத்து, “செவுத்துக்குள்ள பதிச்ச வீல். சரி. இதை மாட்டுனது யாரு? செவுரு கட்டும்போதே வச்சாங்களா, கட்டின செவுத்தை இடிச்சு வச்சாங்களா?” என்றார். நான் மதுரை நோட்டில் இருந்ததைச் சொன்னேன். சின்னப் புரதம், தானாகவே போய்விடும். அவர் சிரிக்கக்கூட இல்லை. “தானா ஒண்ணும் ஏறாது தம்பி. நீங்க பாக்காதப்ப யாரோ செயின் பிளாக் போட்டுத் தூக்கியிருக்கான்.”

சவ்வைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் சொன்ன இந்த வாக்கியம்தான், இந்தத் துறையில் ஏறத்தாழ இருபது வருடம் ஓடிய ஒரு வழக்கின் சாரம். அதை அன்றைக்கு அவருக்கு நான் விளக்கி முடிக்கவில்லை. நடுவில் தொலைக்காட்சியில் கிரிக்கெட் தொடங்கிவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

சுவரை இடிக்க முடியாது

முதலில் தாத்தாவின் கேள்வி எவ்வளவு சரியான கேள்வி என்று பார்க்க வேண்டும். பாக்டீரியாவின் சவ்வு வெறும் உறை இல்லை. அதன் இரு பக்கத்துக்கும் இடையே இருக்கிற புரோட்டான் வித்தியாசத்தில்தான் அந்த உயிர் பிழைக்கிறது. புதுப் புரதம் ஒன்றைப் பதிக்க ஒவ்வொரு தடவையும் சுவரில் ஓட்டை போட்டால், அந்த ஓட்டை வழியே புரோட்டான்கள் பாய்ந்துவிடும். எந்தச் சக்கரமும் சுற்றாது. ஈ.கோலையின் மரபணுக்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று சவ்வுப் புரதத்துக்கானது. அது வேகமாக வளரும்போது இருபது நிமிடத்தில் இரண்டாகும். அதற்குள் இத்தனை வகைப் புரதங்களையும் ஆயிரக்கணக்கில் செய்து பதிக்க வேண்டும், சொட்டுக்கூடக் கசியாமல்.

அடுத்த சிக்கல், பதிக்க வேண்டிய பொருளின் குணம். கொழுப்பு நடுப்பகுதியின் தடிமன் சுமார் 3 நானோமீட்டர். புரதச் சங்கிலி சுருளாக முறுக்கிக்கொண்டால் ஒரு அமினோ அமிலத்துக்கு 0.15 நானோமீட்டர் உயரும். ஆக, கொழுப்பை ஊடுருவி நிற்க ஏறக்குறைய இருபது அமினோ அமிலம் கொண்ட ஒரு சுருள் தேவை. அந்த இருபதும் பெரும்பாலும் தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும் வகையாக இருக்க வேண்டும். ஆனால் புரதத்தை உண்டாக்கும் ரைபோசோம் இருப்பது செல்லின் உள்ளே, தண்ணீரில். அங்கே இப்படிப்பட்ட சங்கிலியைச் செய்து சும்மா விட்டால் அது தன்னோடு தானும், பக்கத்தில் இருப்பதோடும் ஒட்டிக்கொண்டு உருண்டை கட்டிவிடும். அப்புறம் அதைச் சவ்வு வரை கொண்டுபோய்ப் பயனில்லை.

பெரும்பாலான சவ்வுப் புரதங்களுக்கு பாக்டீரியா கண்டுபிடித்த வழி, செய்யும்போதே பதித்துவிடுவது. சங்கிலியின் முதல் நீர்விலக்கிப் பகுதி ரைபோசோமை விட்டு வெளியே தலைகாட்டியதும் எஸ்ஆர்பி என்ற துகள் அதைப் பிடித்துக்கொள்கிறது. ஈ.கோலையில் இது மிக எளிய அமைப்பு, ஒரு புரதம், ஒரு சிறிய ஆர்என்ஏ, அவ்வளவுதான். அது ரைபோசோமை அப்படியே இழுத்துக்கொண்டு போய்ச் சவ்வில் இருக்கும் செக்-ஒய் என்ற வாய்க்கால் புரதத்தின்மேல் இறக்கிவிடும். புரதங்களுக்குப் போய்ச் சேர வேண்டிய இடத்தின் முகவரி அவற்றின் சங்கிலியிலேயே எழுதியிருக்கிறது என்று காட்டியதற்குத்தான் குன்டர் புளோபலுக்கு 1999இல் நோபல் கிடைத்தது.

செக்-ஒய்யின் உருவம் 2004இல் டாம் ராப்போபோர்ட் குழுவினரால் வெளிவந்தது, ஆர்க்கியா என்ற, பாக்டீரியா போன்ற நுண்ணுயிர் வகை ஒன்றிலிருந்து எடுத்த புரதத்தை வைத்து. பத்துச் சுருள்கள் கொண்ட அந்த வாய்க்காலுக்கு இரண்டு திறப்பு. ஒன்று நேராக வெளியே. செல்லை விட்டு வெளியேற வேண்டிய புரதங்களுக்கு. இன்னொன்று பக்கவாட்டில், கொழுப்பை நோக்கி. தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும் சுருள் வந்தால் பக்கவாட்டுக் கதவு வழியே நழுவிக் கொழுப்புக்குள் போய்விடும். இடிக்கவும் இல்லை, கட்டும்போதே வைக்கவும் இல்லை. சுவரில் ஏற்கனவே ஒரு கதவு இருக்கிறது, அது சுவரின் தடிமனுக்குள்ளேயே திறக்கிறது. கதவு மூடியிருக்கும்போது கசியாமல் பார்த்துக்கொள்ள நடுவில் ஒரு வளையமும் கீழே ஓர் அடைப்பும் உண்டு.

எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே என்பது அடுத்தது. ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த குன்னர் ஃபான் ஹைன 1986இல் புரத வரிசைகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்து ஒரு விதியைக் கண்டார். லைசின், ஆர்ஜினின் போன்ற நேர்மின் அமினோ அமிலங்கள் நிறைந்த முனை செல்லின் உள்பக்கமே தங்கிவிடும். இவ்வளவு எளிய விதி உயிரியலில் அரிது, அதனால் நான் முதலில் இதை முழுசாக நம்பவில்லை. நம்ப வைத்தது எம்-ஆர்-ஈ என்ற புரதம். நான்கு சுருள், 110 அமினோ அமிலம், நச்சுப் பொருளை வெளியே தள்ளும் வேலை. அதில் நேர்மின்கள் இருபுறமும் ஏறக்குறையச் சமமாக இருப்பதால் பாதி ஒரு திசையிலும் பாதி தலைகீழாகவும் பதிகின்றன. எதிரெதிரான இரண்டும் ஜோடி சேர்ந்துதான் வேலை செய்யும். 2010இல் ஃபான் ஹைன குழு அதில் ஒரே ஒரு நேர்மின்னைக் கூட்டிப் பார்த்தது. சங்கிலியின் கடைசி நுனியில் வைத்தாலும் புரதத்தின் திசை மாறியது. கடைசி நுனி என்றால், ரைபோசோமை விட்டு எல்லாவற்றுக்கும் பிறகு வெளியே வருவது. அதுவரை நான்கு சுருளும் நிலைகொள்ளாமல் எங்கேயோ காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசி எழுத்தால் எதையும் மாற்ற முடியாது. செக்-ஒய்யின் கதவு வழியே சுருள்கள் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும் என்று படத்தில் வரைகிறோமே, அந்த ஒழுங்கு அவ்வளவு கறாரானது இல்லை.

விக்னரும் அவர் மாணவர்களும்

இப்போது வழக்குக்கு வருகிறேன். எம்13 என்று ஒரு வைரஸ், ஈ.கோலையைத் தாக்குவது. நீளமான நூல்போல இருக்கும். அதன் மேலுறை ஒரே புரதத்தின் ஆயிரக்கணக்கான பிரதிகளால் ஆனது. அந்தப் புரதம் முதலில் 73 அமினோ அமிலம் கொண்ட முன்வடிவமாகத் தயாராகி, பாக்டீரியாவின் சவ்வில் பதியும். பதிந்த பிறகு சவ்வின் வெளிப்பக்கத்தில் இருக்கும் ஒரு நொதி அதன் முன்பகுதியில் 23ஐ வெட்டி எறியும். மீதி 50. ஆராய்ச்சியாளருக்கு இதைவிட வசதியான பொருள் கிடைக்காது: வெட்டப்பட்டிருந்தால் சவ்வைத் தாண்டியிருக்கிறது, வெட்டப்படாமல் இருந்தால் தாண்டவில்லை.

கலிஃபோர்னியாவில் வில்லியம் விக்னர் இதை வைத்து 1979இல் ஒரு கருதுகோளை எழுதினார். இந்தப் புரதத்துக்கு வாய்க்கால் வேண்டாம். சவ்வைத் தொட்டதும் அதன் உருவமே மாறி உள்ளே புகுந்துவிடும் என்பது சுருக்கம். வெறும் ஊகம் இல்லை, ஆதாரம் குவிந்தது. செக் மரபணுக்கள், அதாவது செக்-ஒய்யுக்கும் அதன் கூட்டாளிகளுக்கும் உரியவை, பழுதான பாக்டீரியாக்களில் மற்றப் புரதங்கள் எல்லாம் தேங்கி நின்றபோதும் எம்13 உறைப்புரதம் வழக்கம்போலப் பதிந்தது. 1985இல் இன்னும் ஒரு படி போய், வேறு எந்தச் சவ்வுப் புரதமும் இல்லாத, கொழுப்பால் மட்டும் செய்த சின்னக் குமிழிகளில்கூட அந்த முன்வடிவம் நுழைவதைக் காட்டினார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்? பாடப்புத்தகங்களில் வரி ஏறியது, மதுரை வரை வந்தது.

அந்தச் சோதனைகள் எதுவும் தப்பு இல்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். செக் தேவையில்லை என்பது உண்மை, இன்றைக்கும் உண்மை. குமிழிக்குள் போனதும் உண்மை. ஆனால் ‘செக் தேவையில்லை’ என்பதிலிருந்து ‘எதுவும் தேவையில்லை’ என்பதற்கு யாரும் கவனிக்காமல் ஒரு தாவல் நடந்துவிட்டது. அன்றைக்குத் தெரிந்த ஆட்கள் எல்லோரையும் விசாரித்து அனுப்பிவிட்டார்கள். தெரியாத ஆள் ஒருவர் அறைக்குள் இருக்கக்கூடும் என்று தேடுவதற்கு வழியும் இல்லை, அவசரமும் இல்லை.

அந்த ஆள் பற்றிய துப்பு பாக்டீரியாவில் கிடைக்கவில்லை, ஈஸ்டில் கிடைத்தது. ஈஸ்டின் மைட்டோகாண்டிரியாவில் செக் வாய்க்காலே கிடையாது. ஆனாலும் அதன் உள்சவ்வில் புரதங்கள் பதிகின்றன. 1990களில் அந்த வேலையைச் செய்வது ஆக்ஸா-1 என்ற புரதம் என்று தெரிந்தது. மைட்டோகாண்டிரியா பழைய பாக்டீரியாவின் வாரிசு என்பதால் இதன் உறவுக்காரர் ஈ.கோலையிலும் இருக்க வேண்டும். இருந்தார். யிட்-சி (YidC). ஈ.கோலையில் ஒய் எழுத்தில் தொடங்கும் பெயரை, வேலை இன்னதென்று தெரியாத மரபணுவுக்குத்தான் வைப்பார்கள். அப்படி ஓரமாகக் கிடந்த ஒன்று.

2000ஆம் ஆண்டு வெளிவந்த அந்தச் சோதனையை விவரிக்காமல் விட மனமில்லை, ஏனென்றால் அதே மாதிரிச் சோதனையை வேறு புரதத்துக்கு நானும் செய்திருக்கிறேன். யிட்-சி இல்லாமல் பாக்டீரியா வாழாது, ஆகவே அந்த மரபணுவை வெட்டி எறிய முடியாது. அதற்குப் பதில், அதை அராபினோஸ் என்ற சர்க்கரை இருந்தால் மட்டும் இயங்கும்படி மாற்றிவிடுவார்கள். ஒரே வளர்ப்பை இரண்டு குடுவையில் பிரிக்க வேண்டும். ஒன்றில் அராபினோஸ், இன்னொன்றில் குளுக்கோஸ். குளுக்கோஸ் குடுவையில் புது யிட்-சி உண்டாகாது. செல்கள் பெருகப் பெருகப் பழையது பங்கு போய்க் குறையும். இதற்குச் சில மணிநேரம் காத்திருக்க வேண்டும். வெளியில் பார்த்தால் இரண்டு குடுவையும் ஒரே மாதிரி கலங்கலாகத்தான் இருக்கும். அப்புறம் கதிரியக்கக் கந்தகம் ஏற்றிய மெத்தியோனினைக் கொஞ்ச நேரம் கொடுத்து, உடனே அமிலத்தோடு பனிக்கட்டியில் நிறுத்திவிட வேண்டும். இங்கே கை நடுங்கினால் முழு நாளும் போச்சு. சில விநாடி பிந்தினாலும் வெட்ட வேண்டியது எல்லாம் வெட்டப்பட்டிருக்கும். கடைசியில் புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல் ஓட்டிப் படத்தாளில் பார்த்தால், சின்னது கீழே இறங்கியிருக்கும். அராபினோஸ் வரிசையில் கோடு கீழே இருக்கும்: வெட்டப்பட்ட புரதம், சவ்வைத் தாண்டிவிட்டது. குளுக்கோஸ் வரிசையில் கோடு மேலேயே நிற்கும்.

எம்13 உறைப்புரதத்தின் கோடு மேலேயே நின்றது. இருபது வருடமாகத் தானாகப் போகும் என்று சொல்லப்பட்ட புரதம், யிட்-சி குறைந்ததும் போகவில்லை. அதே செல்லில் செக் வழியாக வெளியேறும் புரதங்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. ஆக இது வேறு வழி, தனி ஆள். ‘நேச்சர்’ இதழில் வந்த அந்தக் கட்டுரையை எழுதிய குழுவில் ராஸ் டால்பியும் ஆண்ட்ரியாஸ் கூனும் இருந்தார்கள். இருவரும் முன்பு விக்னரின் ஆய்வகத்தில், இதே எம்13 புரதத்தில் கைபழகியவர்கள். குருவின் கருத்தைக் கவிழ்க்க அவர் கற்றுக்கொடுத்த சோதனையே போதுமாக இருந்தது.

அப்படியென்றால் 1985இன் குமிழி? இதற்கு விடை ஜப்பானிலிருந்து வந்தது, அதிகம் பேசப்படாத ஒரு விடை. நிஷியாமா, டோக்குடா முதலானோர் 2008இல் கவனித்தது: பாக்டீரியாவின் உண்மையான சவ்வில் டைஅசைல்கிளிசரால் என்ற கொழுப்பும் சிறிய அளவில் இருக்கிறது. குமிழி செய்கிறவர்கள் அதைச் சேர்ப்பதில்லை. சேர்த்துப் பார்த்தால் தானாக நுழைவது நின்றுபோகிறது. அதாவது ஆய்வகக் குமிழி உண்மையான சவ்வைவிடத் தாராளமாக ஆட்களை உள்ளே விடும் சவ்வு. சுத்தமாகச் செய்ய வேண்டும் என்று மற்றதையெல்லாம் நீக்கியபோது காவலையும் சேர்த்தே நீக்கியிருந்தார்கள். எங்கள் ஆய்வகத்தில் யாராவது ‘சுத்தமான அமைப்பில் இது நடக்கிறது’ என்று சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் இந்தக் குமிழிதான் நினைவுக்கு வரும்.

சக்கரத்தின் பல்

தாத்தாவின் சக்கரம் எங்கே என்று கேட்கிறீர்களா? அதற்குத்தான் வருகிறேன். யிட்-சியைக் கண்டுபிடித்த பிறகு, அது வேறு யாரையெல்லாம் பதிக்கிறது என்று தேடினார்கள். வைரஸின் உறைப்புரதத்துக்காக எந்தப் பாக்டீரியாவும் இப்படி ஒரு புரதத்தை வைத்துக்கொண்டிருக்காது இல்லையா? ஆர்னால்ட் டிரீசன் குழு நெதர்லாந்தில் 2003, 2004 வாக்கில் காட்டியது: யிட்-சி குறைந்தால் செல்லின் புரோட்டான் சக்தியே சரிகிறது, முக்கியமான காரணங்களில் ஒன்று ஏடிபி தயாரிக்கும் இயந்திரம் கூடுவதில்லை. அந்த இயந்திரத்தில் யிட்-சியை நம்பி இருக்கும் முக்கியமான உறுப்பு சி புரதம். ஈ.கோலையில் 79 அமினோ அமிலம், இரண்டு சுருள், நடுவில் ஒரு சின்ன வளைவு. வளைவு உள்பக்கம், இரு முனைகளும் வெளிப்பக்கம். கொழுப்புக் குமிழியில் யிட்-சியை மட்டும் வைத்தாலும் சி பதிந்துவிடுகிறது, செக் வேண்டியதில்லை. காசநோய்க் கிருமியின் சி 81 அமினோ அமிலம். அந்தக் கிருமியிடமும் யிட்-சி வகைப் புரதம் ஒன்று உண்டு.

ஆக, தாத்தா கேட்ட செயின் பிளாக்குக்குப் பெயர் யிட்-சி. அது எப்படித் தூக்குகிறது என்பது 2014இல் தெரிந்தது, ஜப்பானில் நுரேக்கி, சுகசாக்கி குழுக்கள் அதன் படிக உருவத்தை வெளியிட்டபோது. எல்லோரும் இன்னொரு வாய்க்காலை எதிர்பார்த்தார்கள். வாய்க்கால் இல்லை. சவ்வின் உள்பக்கமும் கொழுப்பின் பக்கமும் மட்டும் திறந்த, வெளிப்பக்கம் அடைத்த ஒரு பள்ளம் இருந்தது. பள்ளத்துக்குள் தண்ணீருக்கு இணக்கமான சூழல், நடுவில் நேர்மின் கொண்ட ஓர் ஆர்ஜினின். கொழுப்பைத் தாண்ட வேண்டிய சிறு முனை அந்தப் பள்ளத்தில் பாதி வழி இறங்கி, மீதியைத் தன் சுருள்களின் நீர்விலக்கும் குணத்தால் கடந்துவிடுகிறது. ஓட்டையே திறக்காததால் கசிவதற்கும் வாய்ப்பில்லை. ஆனால் இப்படிக் கடக்கிற துண்டு சிறியதாக இருக்க வேண்டும், மின்சுமையும் அதிகம் இருக்கக் கூடாது. பெரியது என்றால் செக்-ஒய்யிடம்தான் போக வேண்டும். எங்கள் பேராசிரியரின் வரியில் இருந்த ‘சின்னப் புரதம்’ என்ற பாதி அந்த அளவுக்குச் சரிதான்.

நோய்க்கு இதில் நேரடிப் பயன் இருக்கிறதா என்று மருத்துவ நண்பர்கள் கேட்பார்கள். பெடாகுவிலினுக்குக் கிருமி பழகிப்போகும்போது பெரும்பாலும் சி புரதம் மாறுவதில்லை. மருந்தை வெளியே தள்ளும் எம்எம்பி-எல்5 என்ற பம்ப்பை அடக்கி வைத்திருக்கும் மரபணு பழுதாகி, பம்ப் அதிகமாக உண்டாகிறது. அந்தப் பம்ப்பும் சவ்வுப் புரதம். மருந்து அடிக்க வேண்டிய சக்கரமும், அந்த மருந்தைத் துரத்தும் பம்ப்பும் ஒரே சுவரில்தான் வந்து பதிந்தாக வேண்டும். பதிக்கும் ஆட்களையே மருந்தால் தாக்கலாமே என்ற யோசனை எளிதாக வரும். மனித மைட்டோகாண்டிரியாவிலும் ஆக்ஸா-1 இருக்கிறது என்பதால் நான் அதில் அவசரப்பட மாட்டேன். பெடாகுவிலினே மனிதனின் ஏடிபி இயந்திரத்தைவிடக் கிருமியினுடையதை அதிகமாகப் பிடிப்பதால்தான் மருந்தாயிற்று.

யிட்-சியை யார் மாட்டியது

இதையெல்லாம் ஒருவழியாகத் தாத்தாவிடம் சொன்னபோது அவர் திருப்தி அடையவில்லை. ஃபிட்டர் புத்தி. “சரி, அந்த யிட்-சியும் செவுத்துலதானே இருக்கு. அதை யாரு மாட்டுனா?” எஸ்ஆர்பியும் செக்-ஒய்யும் என்றேன். “அந்த செக்-ஒய்யை?” ஏற்கனவே அங்கே இருக்கும் செக்-ஒய் என்றேன். அவர் ஆயாவைப் பார்த்தார், ஆயா என்னைப் பார்த்தார்.

ஆனால் அது ஏய்ப்பு இல்லை, உண்மையே அதுதான். எந்தப் பாக்டீரியாவும் சவ்வைப் புதிதாகத் தொடங்குவதில்லை. இரண்டாகப் பிரியும்போது பழைய சவ்வில் பாதியும், அதில் ஏற்கனவே பதிந்த செக்-ஒய்களில் பாதியும் மகளுக்குப் போகின்றன. அடுத்த செக்-ஒய்யை அவை பதிக்கும். மரபணுவை மட்டும் கொடுத்துவிட்டுச் சவ்வைக் கொடுக்காமல் விட்டால் செல் பிறக்காது. டிஎன்ஏ பற்றியே பேசிப் பழகிய நமக்கு, சுவரும் வாரிசுச் சொத்துதான் என்பது உறைப்பதில்லை.

அப்படியே பின்னால் போய்க்கொண்டே இருந்தால் முதல் ஒன்று எப்படிப் பதிந்தது என்ற கேள்வி வரும். கேம்பிரிட்ஜில் ஆரன் லூயிஸும் ராமானுஜன் ஹெக்டேயும் 2021இல் ஒரு யோசனையை வெளியிட்டார்கள்: செக்-ஒய்யின் உருவத்தை இரண்டாக மடித்துப் பார்த்தால் ஒவ்வொரு பாதியும் யிட்-சியின் சாயலில் இருக்கிறது, ஆகவே யிட்-சி போன்ற எளியதே மூத்தது, அதன் இரண்டு பிரதிகள், ஒன்று தலைகீழாகத் திரும்பி, பள்ளத்தோடு பள்ளம் பார்த்துச் சேர்ந்து நடுவில் வாய்க்கால் உண்டானபோது செக்-ஒய் பிறந்தது. வரிசையில் ஒற்றுமை தேய்ந்துவிட்டதால் உருவத்தை மட்டும் வைத்துச் சொல்கிறார்கள். பல நூறு கோடி வருடம் முன்பு நடந்ததைத் திரும்ப ஓட்டிப் பார்க்க முடியாது. ஆனாலும் எனக்கு இது நம்பும்படியாகவே இருக்கிறது.

அது சரியென்றால், அந்த மூத்த யிட்-சிக்கும் முன்னால் உதவிக்கு ஆள் இருந்திருக்க முடியாது. அதுவும் சின்னதாக, இரண்டு மூன்று சுருளாக, காவல் இல்லாத வெறும் கொழுப்புச் சவ்வில் தானே நுழைந்திருக்க வேண்டும். விக்னர் குழு 1985இல் குமிழியில் பார்த்தது இன்றைய ஈ.கோலைக்குப் பொருந்தவில்லை. முதல் செல்களுக்கு அது அப்படியே பொருந்தும் என்று நான் நினைக்கிறேன். தாத்தா இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.